தை பதினெட்டு வரை பிடித்து வை, தாயே

ஒரு மனிதன் சாகக் கூடாது என்று ஆறு மாதம் கோமதி அம்மனிடம் மன்றாடினேன். அவர்மேல் எனக்கு அவ்வளவு பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் செத்தால் என் பிழைப்பு போய்விடும். காரணம் அவ்வளவுதான். அம்மன் என் வேண்டுதலைக் கேட்டாள். நான் கேட்டது கேட்டபடி கிடைத்தது. அதைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்று நாலு வருஷமாக நினைத்து, வெட்கப்பட்டுத் தள்ளிப் போட்டு, இப்போதுதான் எழுதுகிறேன். வாசித்துவிட்டு என்னைத் திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம்.

என் பெயர் கோமதிநாயகம். சங்கரன்கோவில்தான் சொந்த ஊர். பஞ்சு மில்லில் கிளார்க்காக இருந்தேன். மானேஜரோடு ஒத்துப்போகவில்லை. கோபித்துக்கொண்டு வெளியே வந்து இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஆனேன். அதற்கு லைசென்ஸ் உண்டு, பரீட்சை கிடையாது. மனுவை நிரப்பிக் கட்டணம் கட்டினேன், தபாலில் வந்து சேர்ந்தது. பஸ் ஓட்டப் போகிறவனைக்கூட ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் லைசென்ஸ் கொடுக்கிறார்கள். நீ செத்தால் உன் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு என்ன வழி என்று ஊர் ஊராகப் போய் யோசனை சொல்ல வந்த என்னிடம், இன்ஷூரன்ஸ் சட்டத்தில் ஒரு வரியாவது படித்தாயா என்று கேட்டவர் இல்லை. நானும் படிக்கவில்லை. ஒரு கோட்டு தைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தீராத நோய் என்றால் அம்மன் சன்னதியில் இறக்கி வைத்து, புற்றுமண் வாங்கித் தின்பார்கள். குணமான பிறகு அந்த நோயின் பெயரை மறுபடி வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் கூப்பிட்ட மாதிரி, திரும்பி வந்துவிடும் என்று பயம். கம்பெனியின் விண்ணப்ப பாரத்திலோ, இதற்கு முன் உமக்கு என்னென்ன நோய் வந்தது என்று ஒரு கேள்வி இருக்கிறது. இந்த இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று ஒரு யோக்கியன் யோசித்திருப்பான். எனக்கு அது வசதியாகப் போயிற்று. அந்தக் கேள்வி வந்ததும், "தாய்கிட்ட எறக்கி வச்சது எதுவும் இருந்தாச் சொல்ல வேண்டாம்" என்று நானே எடுத்துக் கொடுப்பேன். சனங்களுக்கு நிம்மதி, எனக்குக் கமிஷன்.

நாட்டுக்கு விடுதலை வந்து நாலாவது தை. திருவேங்கடம் பக்கம் ஒரு கரிசல் கிராமத்துக்குப் போனேன். சண்முகையா என்று ஒரு சம்சாரி, முப்பத்தைந்து வயதிருக்கும். பருத்தியும் மிளகாயும் போடுகிறவர். கையெழுத்து மட்டும் போடத் தெரியும். மனைவி வெள்ளையம்மாள். ஊருக்குள் நுழையும்போதே டீக்கடையில் சொல்லிவிட்டார்கள், காசம் வந்து செத்துப் பிழைத்த ஆள் என்று. ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது. சின்னத் தொகைப் பாலிசிக்கு டாக்டர் பார்க்க வேண்டியதில்லை. ஏஜென்ட் எழுதிக் கொடுப்பதுதான் எல்லாம்.

நோயைப் பற்றிய கேள்வியை வாசித்தேன். சண்முகையா நேராகச் சொல்ல ஆரம்பித்தார். "அண்ணாச்சி, ரெண்டு வருசத்துக்கு முன்ன எனக்கு..."

வெள்ளையம்மாள் ஓடி வந்து அவர் வாயைப் பொத்தினாள். "அதச் சொல்லாதீக. தாய்கிட்ட விட்டது விட்டதுதான்."

அவர் அவள் கையை விலக்கினார். "இல்லட்டி. கம்பெனிக்காரன் கேக்கான்லா. இப்ப மறைச்சா நாளைக்கு ஒனக்குத்தான் கெடுதல்."

படிக்காத அந்த மனுஷனுக்கு இருந்த புத்தி எனக்கு இல்லை. நான் கேட்டேன், "இப்ப இருக்கா அது?"

"இல்ல."

"பொறவு என்ன? தாய் தீத்து வச்சதக் கம்பெனிக்காரன் கிண்டிக் கேக்க முடியுமா? இல்லன்னு எழுதுதேன். கையெழுத்தப் போடும்."

போட்டார். பாலிசி தேதி இங்கிலீஷில் வந்தது. பஞ்சாங்கத்தில் பார்த்தால் தை பதினெட்டு.

மறு வருஷம் எங்கள் கோவில் ஆடித் தபசுத் திருவிழா முடிந்து ஒரு வாரம் இருக்கும். வெள்ளையம்மாள் பள்ளிக்கூட வாத்தியாரிடம் சொல்லி எழுதிய கார்டு வந்தது. அவுகளுக்குப் பழையபடி ஆகிவிட்டது, ஏசண்டு அண்ணாச்சி வரும்போது கோவில் புற்றுமண் கொண்டுவர வேண்டும் என்று எழுதியிருந்தது. அந்த மாதம்தான் கம்பெனி இன்ஸ்பெக்டர் ஒரு செய்தி சொல்லியிருந்தார். சிவகிரிப் பக்கம் ஒரு ஏஜென்ட் நோயாளிக்குப் பாலிசி எழுதினானாம். ஆள் ஒரு வருஷத்தில் செத்துவிட்டானாம். விதவைக்குப் பணமும் இல்லை, ஏஜென்ட்டுக்கு லைசென்ஸும் இல்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு வீட்டில் ஆறு வயிறு. மில்லில் திரும்பச் சேர்க்க மாட்டார்கள். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. ஆழம் தெரியாமல் காலை விட்டவனுக்கு அப்போதுதான் ஆழத்தைப் பார்க்கத் தோன்றியது. சட்டத்தைப் படிப்பது என்று முடிவு செய்தேன்.

முன்சீப் கோர்ட்டுக்கு எதிரே ஒரு வக்கீல் இருந்தார். வாய் பொல்லாதவர், ஆனால் புத்தகத்தைத் தர மறுக்காதவர். "ரெண்டு வருசம் பாலிசி எழுதிட்டு இப்பத்தான் சட்டம் படிக்க வாரீரா வே? நல்லாருக்கு. தாலி கட்டிட்டுப் பொண்ணு பாக்கப் போன மாதிரி" என்றார். அவர் கோர்ட்டுக்குப் போனதும் முன்னறையில் பெஞ்சில் உட்கார்ந்து படிப்பேன். ஒரு கையில் இன்ஷூரன்ஸ் சட்டம், ஒரு கையில் அகராதி. என் இங்கிலீஷ் எட்டாம் வகுப்பு இங்கிலீஷ். ஒரு பக்கம் முடிய அரை நாள் ஆகும்.

முதலில் கண்ணில் பட்டது நாற்பத்திரண்டாம் பிரிவு. புரட்டுக்கு உடந்தையாக இருந்த ஏஜென்ட்டின் லைசென்ஸை ரத்து செய்வது பற்றியது. நாலாம் நாள் நாற்பத்தைந்தாம் பிரிவுக்கு வந்தேன். பாலிசி எடுத்து இரண்டு வருஷம் கழிந்துவிட்டால், விண்ணப்பத்தில் தப்பாக எழுதியிருக்கிறது என்று சொல்லிக் கம்பெனி அதைத் தள்ள முடியாது என்று அங்கே இருந்தது. அந்த வாக்கியம் இன்னும் முடியவில்லை. அதற்குப் பின்னும் நாலைந்து வரி இருந்தது. நான் மேலே படிக்கவில்லை. தாய் வாக்குக் கொடுத்துவிட்டாள், இனி என்ன படிப்பு என்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கோவிலுக்கு ஓடினேன்.

வருகிற தை பதினெட்டோடு பாலிசிக்கு இரண்டு வருஷம். சன்னதியில் நின்று இப்படித்தான் வேண்டினேன். தை பதினெட்டு வரை அவன் உயிரைப் பிடித்து வை, தாயே. அதற்குப் பிறகு உன் இஷ்டம். அன்றுமுதல் தினமும் நூற்றெட்டுச் சுற்று. ஒருவேளைச் சாப்பாடு. சுகமாக்கு என்று ஒரு நாளும் நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. எனக்கு வேண்டியது தேதிதான்.

மாதம் மூன்று தடவை பஸ் ஏறிப் போவேன். புற்றுமண், முட்டை, மீன் எண்ணெய் எல்லாம் என் செலவு. "இந்தக் காலத்துல கூடப் பொறந்தவன் செய்வானா?" என்று ஊரே என்னைக் கும்பிட்டது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "இன்னைக்குத் தமிழ் தேதி என்னம்மா?" என்று வெள்ளையம்மாளிடம் கேட்பேன். எனக்குத் தெரியும், ஆனாலும் கேட்பேன். மனசு அதையே எண்ணிக்கொண்டிருந்தது, வாய் கேட்டுவிடும்.

கார்த்திகைக்குள் சண்முகையா எலும்புக்கூடாகிவிட்டார். படுத்தால் மூச்சு முட்டும். கம்பு மூட்டை ஒன்றை மடியில் அணைத்து அதன்மேல் கவிழ்ந்தபடியே இரவும் பகலும் உட்கார்ந்திருப்பார். முழங்கை இரண்டும் சாக்கில் உரசிப் புண்ணாகிவிட்டது. இருமல் வரும்போது வெள்ளையம்மாள் மண்சட்டியைப் பிடிப்பாள். நான் சட்டிக்குள் எட்டிப் பார்ப்பேன், இன்றைக்கு எவ்வளவு என்று. "என்னக் கொன்னு போடுங்க" என்று ஒரு நாள் அழுதார். நான் புற்றுமண்ணை நெற்றியில் பூசிவிட்டு, தைரியமாக இரும் என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தேன்.

மார்கழியில் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். உயிர் பிரியாமல் இழுத்துக்கொண்டு கிடப்பவருக்கு அவருடைய நிலத்து மண்ணைக் கரைத்து வாயில் ஊற்றுவது எங்கள் பக்கத்து வழக்கம். மண்ணாசை தீர்ந்தால் நிம்மதியாகப் போவார்கள் என்று நம்பிக்கை. சண்முகையாவின் அக்கா புஞ்சையிலிருந்து ஒரு பிடி கரிசல் மண்ணை எடுத்துத் தேங்காய்ச் சிரட்டையில் கரைத்துக் கொண்டுவந்தாள். கண்ணீர் தாடையில் ஒழுகிக்கொண்டிருந்தது. சண்முகையா வாயைத் திறந்துவிட்டார். நான் சிரட்டையைப் பிடித்தேன்.

"கூடாதுக்கா. தாயோட புத்துமண்ணு வயித்துக்குள்ள இருக்கு. அதுமேல வேற மண்ணு எறங்கக் கூடாது. தெய்வ குத்தம் ஆயிரும்" என்றேன்.

அப்படி ஒரு சாஸ்திரமும் கிடையாது. அந்த நிமிஷம் என் வாயில் வந்தது. அக்கா பயந்துபோய் சிரட்டையை வெளியே கொண்டுபோய் ஊற்றிவிட்டாள். சண்முகையா திறந்த வாயை மூடவில்லை, அப்படியே என்னைப் பார்த்தார். தை பதினெட்டுக்கு இன்னும் இருபத்தெட்டு நாள் இருந்தது.

அம்மன் பிடித்து வைத்தாள். பொங்கல் போயிற்று. தை பதினெட்டும் வந்தது, போயிற்று. அவர் உயிரோடு இருந்தார். அபிஷேகத்துக்குக் கொடுத்து, தேங்காய் உடைத்து, சன்னதியில் விழுந்து அழுதேன். ஆனந்தக் கண்ணீர்தான். இருபதாம் தேதி கிராமத்துக்குப் போனேன். அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, தாய் உத்தரவு கொடுத்துவிட்டாள், இனி ஊற்றலாம் என்றேன். அவள் புஞ்சைக்கு ஓடினாள். நான் சண்முகையா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மூட்டையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் பக்கவாட்டில் திரும்பி என்னைப் பார்த்தார்.

"தேதி முடிஞ்சிட்டா அண்ணாச்சி?"

நான் புற்றுமண் பொட்டலத்தைப் பிரிக்க ஆரம்பித்தேன்.

"வாரப்பல்லாம் கேப்பீகளே. ரெண்டு வருசக் கணக்கு ஒண்ணு உண்டுன்னு பள்ளிக்கூடத்து வாத்தியாரு சொன்னாரு." மூச்சு வாங்கிவிட்டுக் கேட்டார், "இனி வெள்ளைக்குக் கெடைச்சிரும்லா?"

"கெடைச்சிரும்" என்றேன்.

அக்கா கரைத்துக் கொடுத்த மண்ணை மூன்று மடக்குக் குடித்தார். மத்தியானச் சாப்பாட்டு வேளைக்குள் போய்விட்டார்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இன்றைக்கும் கோட்டுப் போட்டுக்கொண்டு திரிந்திருப்பேன். பங்குனியில் இன்ஸ்பெக்டர் வந்தார். கம்பெனிக்காரர்கள் டீக்கடை வரை போய் விசாரித்து, பழைய காசத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். என் முன்னால் ஒரு காகிதத்தை வைத்தார். பாலிசிதாரர் தம் நோயை வேண்டுமென்றே மறைத்தார், ஏஜென்ட்டுக்குத் தெரியாது என்று டைப் அடித்திருந்தது. "கையெழுத்துப் போடும். உம்ம லைசென்ஸ் உமக்கு. ரெண்டு வருஷம் ஆனா என்ன, மோசடின்னா தள்ளலாம். சட்டத்துலயே இருக்கு" என்றார்.

வக்கீலிடம் ஓடினேன். அவர் புத்தகத்தை எடுத்து, நான் மூடி வைத்த இடத்திலிருந்து மேலே வாசித்தார். பாலிசிதாரன் தெரிந்தே வஞ்சகமாகப் பொய் சொன்னான் என்று கம்பெனி நிரூபித்தால் ஒழிய. அந்த 'ஒழிய'தான் நான் படிக்காமல் விட்டது. நடந்ததை எல்லாம் அவரிடம் சொன்னேன், சிரட்டையைப் பிடித்ததையும். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அவன் சொல்லத்தான் வாயத் தொறந்தான். இல்லன்னு எழுதினது நீரு. அப்ப அவன் எங்க வே ஏமாத்தினான்? இத நீரு ஆடியிலயே எழுதிக் கொடுத்திருந்தா, ஏஜென்ட்டுக்குத் தெரிஞ்சது கம்பெனிக்குத் தெரிஞ்ச மாதிரின்னு அப்பவே வாதாடிப் பாத்திருக்கலாம். ரெண்டு வருசம் ஆனாலும் ஆவாட்டியும், இந்த கேஸு நிக்கது உம்ம வாக்குமூலத்துல. அந்த ஆறு மாசமும் உம்ம லைசென்ஸுக்கு வே. அவன் பொண்டாட்டிக்கு இல்ல."

அங்கிருந்து கோவிலுக்கு எப்படிப் போனேன் என்று தெரியாது. இன்னொரு வழி காட்டு தாயே என்று மூன்று நாள் கிடந்தேன். அரைகுறையாகப் படித்து அரைகுறையாகக் கேட்டவனுக்கு அவள் கேட்டதை அப்படியே கொடுத்து முடித்துவிட்டாள். இன்னொரு வழி காட்டவில்லை. மூன்றாம் நாள் கேட்பதை மாற்றினேன். என்னைக் காப்பாற்றாதே, அந்தப் பொம்பளைக்குக் கொடு என்றேன். என் ஆயுசில் அடுத்தவருக்காக வேண்டியது அதுதான் முதல் தடவை. அதற்கும் முழு மனசு இல்லை.

அன்று பகலிலேயே வக்கீல் வீட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து வாக்குமூலம் எழுதினேன். சண்முகையா தம் நோயைச் சொல்ல வந்தார், நான் தடுத்தேன், இல்லை என்று நான் எழுதினேன். தெரிந்தே எழுதினேன். இன்ஸ்பெக்டர் காறித் துப்பினார். லைசென்ஸ் போயிற்று. விசாரணைக்காகத் திருநெல்வேலிக்கு நாலு தடவை அலைந்தேன். பெரியவர்கள் என்னைத் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். என்னிடம் பாலிசி எடுத்தவர்கள் வீட்டுக்கு வந்து சட்டையைப் பிடித்தார்கள். என் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாசுதேவநல்லூருக்குப் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு வருஷம் வரவில்லை. வக்கீல் பீஸ் வாங்காமல் நோட்டீஸ் அனுப்பினார். அடுத்த ஆடித் தபசுக்கு நாலு நாள் முன்னால் வெள்ளையம்மாள் பெயருக்கு முழுத் தொகையும் வந்தது. இரண்டாவது வேண்டுதலையும் தாய் கேட்டாள்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மனசைக் கழுவ வேண்டும் என்று கிராமத்துக்குப் போனேன். வெள்ளையம்மாள் புஞ்சையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். வரப்பில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தேதியை, வேண்டுதலை, மார்கழியில் சொன்ன பொய்யை, அந்த ஆறு மாதம் எனக்காகத்தான் என்று வக்கீல் சொன்னதை. அவள் களைக்கொத்தைக் கீழே போடவில்லை, கத்தவும் இல்லை.

"தெனமும் காலையில இன்னும் இத்தன நாளுன்னு அவுக காதுல சொன்னது நாந்தான்" என்றாள். "கொஞ்சம் பொறுத்துக்கோங்க, கொஞ்சம் பொறுத்துக்கோங்கன்னு சொல்லுவேன். எனக்காகத்தான் அவ்வளவு வாதையும் பட்டாகன்னு நெனச்சிக்கிட்டு நாளக் கழிச்சேன். இன்னைக்கு வந்து அதையும் எடுத்துட்டுப் போறீகளே அண்ணாச்சி."

மறுபடி குனிந்து களை எடுக்க ஆரம்பித்துவிட்டாள். நான் நின்று பார்த்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன். சொல்லி என் பாரத்தை இறக்கியது அவள் தலையில்தான் என்று எனக்குத் திருவேங்கடம் வந்த பிறகுதான் உறைத்தது.

இப்போது கம்பெனிகளை எல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்டுவிட்டது. எனக்கு லைசென்ஸ் கிடையாது, கேட்கவும் மாட்டேன். வக்கீல் வீட்டில் குமாஸ்தாவாக இருக்கிறேன். மனைவி திரும்பி வந்துவிட்டாள். அந்தச் சட்டம் முழுவதையும் மூன்று தடவை படித்திருக்கிறேன், கடைசி வரி வரைக்கும். இன்ஷூரன்ஸ் பாரத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்குக் கூலி வாங்காமல் வாசித்துச் சொல்கிறேன். நோய்க் கேள்வி வந்ததும் இன்றைக்கும் யாராவது ஒருத்தி புருஷன் வாயைப் பொத்துகிறாள். அவர்கள் நோயின் பெயரைச் சொல்லும் வரை நான் பேனாவைத் திறப்பதில்லை. சொன்னால் திரும்பி வந்துவிடுமே என்று அழுகிறார்கள். வந்தால் என்மேல் வரட்டும் என்று அம்மன் பெயரால் சொல்கிறேன். அப்புறம்தான் சொல்கிறார்கள். என்னை இந்த இடத்தில் கொண்டுவந்து உட்கார வைத்ததற்கும், என் லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டதற்கும் தாய்க்கு நான் நன்றி சொல்கிறேன். மனப்பூர்வமாகத்தான் சொல்கிறேன்.

அன்பர்களே, அவள் கேட்கிறாள் என்பதற்கு என்னைவிடச் சாட்சி வேண்டாம். நம்பி வாருங்கள். என்ன கேட்கிறோம், யாருக்காகக் கேட்கிறோம் என்பதைக் கடைசி வரை யோசித்துவிட்டு, சன்னதியில் நின்று கேளுங்கள், கிடைக்கும். நான் கேட்ட ஆறு மாதமும் ஒரு நாள் குறையாமல் எனக்குக் கிடைத்தது. அதைப் பட்டுத் தீர்த்தவர் சண்முகையா.